வெள்ளிக்கிழமை எண்ணெய் கேட்டவள்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஹபிஸ் கூப்பிட்டான். வண்டிகளுக்கு அட்டவணை போடும் பையன், நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவன். மலாய்க்காரப் பிள்ளை, "கக் ஸ்டெல்லா" என்று அக்கா முறை வைத்து மரியாதையாகப் பேசுவான். நடைமுறைப் புத்தகத்தில் ஒரு வரி அவனுக்குப் புரியவில்லையாம். "தமிழ் வீடுகள் அதிகமுள்ள சாலைகளில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் எண்ணெய் வண்டி விடக்கூடாது." கீழே என் பெயர் இருக்கிறது, காரணம் இல்லை. ஜொகூரில் வார விடுமுறை மாறியதால் எல்லா வண்டிகளுக்கும் புது அட்டவணை போடுகிறார்கள். கைப்பேசிச் செயலியோ உலு திராம் ஊருக்கு வெள்ளிக்கிழமைதான் வசதியான நாள் என்று சத்தியம் செய்கிறது. அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டான்.

எடுத்தால் லோரிக்கு முன்னால் வந்து படுத்துக்கொள்வேன் என்றேன். அப்படியானால் காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்றான். அவனுக்கு மலாயில் ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். ஆனால் என் முட்டாள்தனத்தின் முழு அழகும் தமிழில் சொன்னால்தான் தெரியும். தமிழர்கள் தலைப்பைப் படிக்கும்போதே சிரித்திருப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள், நான் அதற்குத் தகுதியானவள்தான்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பச்சைப் பலகையில் ஈயம் சரியாக ஒட்டியிருந்தால் தள்ளிவிடுவேன், ஒட்டாவிட்டால் சிவப்பு வில்லை ஒட்டுவேன். அந்த வேலை எனக்கு ஒரு குணத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டது: எதைப் பார்த்தாலும் சரி, தப்பு, இரண்டில் ஒன்று. நடுவில் எதுவும் கிடையாது. என் கணவரைக் கேட்டால் இன்னும் விளக்கமாகச் சொல்வார். பிறகு தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கண்ணாடிக்குள் பார்ப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத எட்டுப் பெண்கள் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தோம்.

எங்கள் எட்டுப் பேரையும் சேர்த்துக்கொண்டவர் புவான் ஹஸ்னா, ஹஸ்னா அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசிர் கூடாங்கில் பாமாயில் சுத்திகரிப்பு ஆலையில் வேதியியல் பொறியாளராக இருந்தவர். நல்ல வேலை, நல்ல சம்பளம், அதை விட்டுவிட்டு ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்து இந்தக் காரியத்தில் இறங்கினார். வீடு வீடாகப் போய், பொரித்து முடித்த எண்ணெயை வாங்க வேண்டும், வடிகட்ட வேண்டும், பயோடீசல் செய்யும் ஆலைக்கு அனுப்ப வேண்டும். வரும் வருமானத்தில் வேலை இழந்த பெண்களுக்குச் சம்பளம். எண்ணெய் கொடுக்கும் வீட்டுக்குப் பதிலாக நாங்களே காய்ச்சிய பாத்திரச் சவர்க்காரம். ஊருக்கு லாபம் என்னவென்றால், அந்த எண்ணெய் சாக்கடையில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளாது, ஆற்றுக்கும் போகாது. இதற்குச் சமூகத் தொழில்முனைவு என்று பெயராம். என் கணவர் பழைய எண்ணெய் வியாபாரம் என்றுதான் சொல்வார். இரண்டும் உண்மைதான்.

பயிற்சி மூன்று வாரம். முக்கியமான பாடம் ஒன்றே ஒன்று: தண்ணீர் கலந்த எண்ணெயை வாங்கக் கூடாது. எண்ணெய்க் கலனான தோம்பைத் திறந்ததும் முதலில் முகர வேண்டும். சிக்கு வாடை பரவாயில்லை, புளித்த வாடை ஆகாது. பிறகு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். சந்தேகம் தீராவிட்டால் சின்ன இரும்புத் தட்டைச் சூடாக்கி இரண்டு சொட்டு விட வேண்டும். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. புவான் ஹஸ்னா அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அடுத்த அறையில் யாராவது அப்பளம் பொரித்தால்கூடத் திரும்பிப் பார்ப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அவருடைய சுபாவத்தைச் சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் அவரிடம் வேலை செய்தேன், ஒரு நாளும் யாரையும் திட்டிக் கேட்டதில்லை. தப்பு செய்துவிட்டுப் போய் நின்றால் நாற்காலியைக் காட்டுவார். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்வார். சொல்லி முடித்ததும், "மறுபடி ஒருமுறை சொல்லுங்க" என்பார். அதையும் கேட்டுவிட்டு, "இன்னும் ஒருமுறை" என்பார். மூன்றாம் தடவை சொல்லும்போது நம் வாயிலிருந்தே நம் தப்பு விழுந்துவிடும். திட்டு வாங்குவது எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொள்வோம்.

வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்து உலு திராமில் ஒரு தாமானை, அதாவது ஒரு குடியிருப்புப் பகுதியை, என் பொறுப்பில் கொடுத்தார். ஒரே மாதிரி வரிசை வீடுகள். மலாய்க்காரர்கள் இரண்டு சாலை, சீனர்கள் இரண்டு சாலை, ஐந்தாவது சாலை முழுக்கத் தமிழ் வீடுகள், இருபத்திரண்டு. அந்த ஐந்தாவது சாலைதான் தாழ்வான இடம். நீங்கள் தமிழ், அந்த வீடுகளை உங்களுக்குத் தெரியும், எந்த நாள் வண்டி விடலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார் புவான் ஹஸ்னா.

எனக்கு ஒரே பெருமை. அப்போது வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, வெள்ளிக்கிழமை காலை என்றேன். காரணமும் சொன்னேன். இந்துக்கள் வெள்ளிக்கிழமை சைவம், கறி மீன் பொரிக்க மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி சும்மா இருக்கும், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். புவான் ஹஸ்னா என் அறிவை மெச்சி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கத்தோலிக்கப் பெண். என் அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர்கள்தான், ஆனால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கு ஒரே அர்த்தம், இறைச்சி கிடையாது, மீன் குழம்பு. அரைகுறை அறிவு ஆளைக் கொல்லும் என்பார்கள், என் விஷயத்தில் ஒரு தாமானையே கொல்லப் பார்த்தது.

முதல் வெள்ளிக்கிழமை மலாய், சீனர் சாலைகளில் எண்ணெய் கிடைத்தது. ஐந்தாவது சாலையில் ஒரு சொட்டு இல்லை. லோரி ஓட்டுநர் முனியாண்டி அண்ணன் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பெண்கள் நன்றாகத்தான் வரவேற்றார்கள். பசியாறிட்டீங்களா அக்கா என்று விசாரித்தார்கள், சில வீடுகளில் தேநீர்கூடக் கொடுத்தார்கள். எண்ணெய் இருக்கா என்று கேட்டால் மட்டும் ஒரு சிரிப்பு. "நெறைஞ்சிருக்கு அக்கா." அவ்வளவுதான். கேட் மூடிக்கொள்ளும்.

அடுத்த வெள்ளியும் அதே கதை. அதற்கடுத்த வெள்ளியும். வீட்டுக்கு வீடு அறிக்கைத் தாள் நிரப்ப வேண்டும். நான் தொழிற்சாலைக்காரி, கேட்டதைக் கேட்டபடி எழுதினேன்: "எண்ணெய் நிறைய உள்ளது. தர மறுப்பு." இருபத்திரண்டு தாள், இருபத்திரண்டிலும் அதே வரி. மனத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு சிவப்பு வில்லை ஒட்டினேன்.

அந்தச் சாலையின் கடைசி வீடு ராசாத்தியுடையது. நாற்பது வயதிருக்கும். கணவர் தவறிய பிறகு வீட்டிலேயே வடை, முறுக்கு, கறிபாப் சுட்டுக் காலைக் கடைகளுக்குப் போடுவார். வளரும் இரண்டு பெண் பிள்ளைகள். அந்த ஓர் அடுப்புதான் மூன்று பேருக்கும் சோறு. சாலையிலேயே அதிகம் எண்ணெய் செலவாகும் வீடும் அதுதான், மிகத் தாழ்வான வீடும் அதுதான்.

ஏழாவது வாரம் ஒரு பெரிய மழை. சாலைக்கு அடியில் போகும் சிமெண்டுக் குழாய் அடைத்துக்கொண்டது. ஐந்தாவது சாலைத் தண்ணீர் முழுக்க ராசாத்தியின் சமையலறைக்குள் புகுந்தது. நான் போனபோது மூட்டை மாவும் உளுந்தும் நனைந்து, தரையில் கணுக்கால் வரை கறுப்புத் தண்ணீர். நகராண்மை மன்றத்து ஆட்கள் குழாயிலிருந்து அடைப்பைத் தோண்டி எடுத்தார்கள். வெள்ளையாக, மெழுகுபோல், தலையணை அளவுக் கட்டிகள். எல்லாம் உறைந்த சமையல் எண்ணெய். நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

அவர்களோடு வந்த மன்ற அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனாலும் கட்டிகளைப் பார்த்தார், ராசாத்தியின் பெரிய வாணலியைப் பார்த்தார், முடிவைச் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் கழித்து இந்தக் குழாயைத் திறந்து பார்ப்பார். மறுபடி கொழுப்பு இருந்தால் இந்த வீட்டில் பொரித்து விற்பதற்கு அனுமதி கிடையாது. எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்த எங்களுக்கும் இந்தத் தாமானில் இடம் கிடையாது. ராசாத்தி துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரை வெளியே தள்ளத் தொடங்கினார். எனக்குப் பரிதாபம் பாதி, கோபம் பாதி. கேட்டபோது கொடுத்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்காதே என்றுதான் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். கேட் அகலத் திறந்திருந்தது. கார் நிறுத்தும் இடத்தில் மூன்று தோம்பு, மூன்றும் விளிம்பு வரை பழைய எண்ணெய். கொடுங்கள் என்றேன். ராசாத்தி தோம்புகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்க முயன்றார்.

"நெறைஞ்சிருக்குக்கா."

"கண்ணுக்குத் தெரியுது ராசாத்தி. நெறைஞ்சிருக்குறத குடுத்தா என்ன? அடுப்ப மூடிடுவாங்க, தெரியுமில்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் லோரியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினேன். முனியாண்டி அண்ணன் செய்தித்தாளை மடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அலுவலகத்தில் புவான் ஹஸ்னாவிடம் பொரிந்து தள்ளினேன். எண்ணெய் கண் முன்னால் இருக்கிறது, வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள், அந்தச் சாலையை விட்டுவிடலாம் என்றேன். அவர் நாற்காலியைக் காட்டினார். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னும் ஒருமுறை என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறையும் ஆரம்பித்தேன். முதல் வீட்டில் நெறைஞ்சிருக்கு என்றார்கள், இரண்டாவது வீட்டில் நெறைஞ்சிருக்கு என்றார்கள், மூன்றாவது வீட்டில்... அங்கே என் பேச்சு தடுமாறியது. கொடுக்க மனமில்லாதவர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்வார்கள். மாமியார் வைத்திருக்கிறார், நேற்றுதான் கொட்டினோம், நாளைக்கு வாருங்கள் என்று இருபத்திரண்டு விதமாகச் சொல்வார்கள். இவர்கள் அத்தனை பேரும் எப்படி ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்? அதுவும் ராசாத்தி, மறைக்க நினைப்பவர் கேட்டைத் திறந்து போட்டுத் தோம்பை வாசலிலா வைப்பார்?

புவான் ஹஸ்னா பேனாவை மூடினார். நாளைக்குப் போய்ப் பார்ப்போம், எண்ணெயைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. நாங்கள் போனபோது ராசாத்தி பருப்பு வடை சுட்டுக்கொண்டிருந்தார். புவான் ஹஸ்னா செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தார். மூன்று வடை சாப்பிட்டார். எண்ணெய் காய்ந்த பக்குவம் சத்தத்திலேயே தெரிகிறது என்று பாராட்டினார். ராசாத்திக்கு மலாய் நன்றாக வரும், இருவரும் பேசிக்கொண்டார்கள். பிறகு புவான் ஹஸ்னா சாதாரணமாகக் கேட்டார்: எந்தெந்த நாள் என்னென்ன பலகாரம்? ராசாத்தி விரல் விட்டுச் சொன்னார். ஞாயிறு கறிபாப், திங்கள் முறுக்கு என்று வியாழன் வரை வந்து நிறுத்தினார். வெள்ளிக்கிழமை அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது, வியாழன் சாயங்காலமே வீட்டைக் கழுவிவிடுவேன் என்றார். வெள்ளிக்கிழமை வேறு என்னவெல்லாம் செய்ய மாட்டீர்கள் என்று கேட்டார் புவான் ஹஸ்னா.

வடை விற்கிற மலாய் வேறு, வீட்டு வழக்கம் சொல்கிற மலாய் வேறு. ராசாத்தி தமிழுக்கு மாறினார், நான் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தேன். நகம் வெட்ட மாட்டோம். சொன்னேன். கைமாத்து குடுக்க மாட்டோம். சொன்னேன். உப்பு, எண்ணெய் வெள்ளியும் செவ்வாயும் வாசப்படி தாண்டி வெளிய குடுக்க மாட்டோம், லட்சுமி போயிடும். "உப்பு..." என்று மலாயில் ஆரம்பித்த என் வாய் அப்படியே நின்றுவிட்டது. புவான் ஹஸ்னா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

அப்புறம் எதற்கு நிறைந்திருக்கிறது என்று சொன்னீர்கள் என்று ராசாத்தியிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கிழம வாசல்ல நின்னுகிட்டு இல்லன்னு சொல்லக்கூடாதுக்கா. அரிசி தீந்து போச்சுன்னாகூட நெறைஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம்."

"நாள் சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

ராசாத்தி ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்தார். "நீங்க வீடு தேடி வந்தவங்க. வந்தவங்க மூஞ்சிக்கு நேரா, நீங்க வந்த நாள் சரியில்லன்னு எப்படிக்கா சொல்றது?"

எங்களுக்குக் கொடுப்பதற்காகத்தான் அந்த மூன்று தோம்பையும் நிரப்பி வாசலில் வைத்திருந்தார், வேறு நாளில் வரமாட்டோமா என்று. மேலும் சேர்ந்த எண்ணெயை வைக்க இடமில்லாமல் வியாழன் சாயங்காலம் வீடு கழுவும்போது சாக்கடையில் ஊற்றியிருக்கிறார். சாலை முழுக்க அதே கதைதான். இருபத்திரண்டு வீட்டு எண்ணெயும் வியாழன் மாலை சாக்கடைக்குப் போனது. வெள்ளி காலை நான் போய் மிடுக்காக நின்றேன். புவான் ஹஸ்னா ராசாத்தியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எத்தனை மணிக்கு வரலாம், எத்தனை கிலோ கிடைக்கும் என்றெல்லாம் கேட்டோம், எந்த நாள் கொடுக்க மாட்டீர்கள் என்று கேட்கவில்லை, தப்பு எங்களுடையது என்றார். அந்தக் கேள்விதான் இன்றைக்கும் எங்கள் படிவத்தின் முதல் கேள்வி. சீனர்கள் புத்தாண்டுப் பெருநாளின் முதல் நாள் வீட்டிலிருந்து எதையும் வெளியே கொட்ட மாட்டார்கள் என்பதெல்லாம் அப்படிக் கேட்டுத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வெளியே வந்து முனியாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் இந்து, வாரா வாரம் அதே சாலையில் உட்கார்ந்திருந்தவர். உங்களுக்குத் தெரியாதா அண்ணே என்றேன்.

"தெரியுமேம்மா. நீங்க தமிழ்ப் பொண்ணு, தெரியாமலா வெள்ளிக்கிழம வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன் லா. எனக்கும் பேப்பர் படிக்க நேரம் கெடச்சுச்சு."

சனிக்கிழமைக்கு மாற்றினோம். சனிக்கிழமை எண்ணெய் கொடுத்தால் பாவமில்லையா என்று இந்த முறை ராசாத்தியிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்றினேன். அவர் நன்றாக யோசித்துப் பதில் சொன்னார். "தானம்னா நல்லெண்ணெய் குடுக்கணும்க்கா, பொரிச்சத தானம்னு சொல்லக்கூடாது. இது தானம் இல்ல, சனியன தொலைக்கிறது. அதுக்குச் சனிக்கிழமைய விட்டா நல்ல நாள் ஏது?" இந்த விளக்கம் ஒரே நாளில் சாலை முழுக்கப் பரவிவிட்டது.

இப்போது முனியாண்டி அண்ணனுக்குப் பிரச்சினை வந்தது. சனிக்கிழமை எண்ணெயைக் கை நீட்டி வாங்கினால் கொடுத்தவர் சனி வாங்கினவருக்கு வருமாம். அவருக்கு அந்த வருடம் ஏற்கெனவே ஏழரை நடக்கிறதாம். வீட்டில் மனைவி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வண்டி ஓட்டுவேன், தோம்பைத் தொட மாட்டேன் என்றார். நான் சட்டையைச் சுருட்டிக்கொண்டேன். எனக்கு ஏது அண்ணே சனி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள் நான், அத்தனையையும் என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன்.

கொடுத்தார்கள். அப்படி ஒரு சனிக்கிழமையை நான் பார்த்ததில்லை. கேட் கேட்டாகத் தோம்புகள் நின்றன. ஒரு வீட்டில் அந்த அம்மா எண்ணெய்ப் புட்டியைக் கணவரின் தலையை மூன்று சுற்றுச் சுற்றி என்னிடம் நீட்டினார். மனிதருக்கு ஆறு மாதமாகச் சிங்கப்பூரில் வேலை கிடைக்கவில்லையாம். நான் பயபக்தியோடு வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். இன்னொரு வீட்டில் தோம்பைச் சுத்தமாகக் கழுவி, ஈரம் துடைக்காமல் எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். இரும்புத் தட்டில் விட்டதும் தீபாவளி மாதிரி வெடித்தது. அதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, கொடுத்த சனியைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று அந்த அம்மா கேட்டைப் பூட்டிவிட்டார். தனியாக எடுத்து வந்து காய்ச்சித் தண்ணீரைப் போக்கினோம். அன்றைக்கு லோரியில் இடம் போதவில்லை. முனியாண்டி அண்ணன் பின்னால் திரும்பிப் பார்க்காமல், கண்ணாடியிலும் பார்க்காமல் வண்டி ஓட்டினார்.

ஆனால் இரண்டு மாதக் கெடுவில் இரண்டு வாரம் ஓடிவிட்டது. குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வீடு தவறினாலும் கொழுப்பு உறைந்துவிடும், ஒரு வாரம் விட்டால் போதும். ராசாத்திக்கு இது எங்களைவிட நன்றாகப் புரிந்திருந்தது. வியாழன் சாயங்காலம், வீடு கழுவும் நேரத்துக்குச் சரியாக, சாலையின் மேல் கோடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வீட்டின் பின்பக்கமும் போய் நிற்பார். சட்டியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். மீதி எண்ணெயைத் தோம்பில் ஊற்ற வைத்துவிட்டுத்தான் நகர்வார். பொழுது சாய்வதற்குள், விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட வேண்டும், அதற்கு மேல் யாரும் எண்ணெயைத் தொட விடமாட்டார்கள். ஓட்டமும் நடையுமாகப் போவார். வாய்ச் சண்டைகளும் நடந்தன. என் வீட்டுச் சட்டியைப் பார்க்க நீ யார் என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். உன் வீட்டு எண்ணெய் என் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்தது, அதனால் பார்க்கிறேன் என்றாராம் ராசாத்தி. அதற்குமேல் அந்தச் சாலையில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சோதனை நாள் ஒரு வியாழக்கிழமை. காலையிலேயே வானம் கறுத்து, பத்து மணிக்கு மழை அடித்து ஊற்றியது. ஏழாவது வாரம் பெய்ததைவிடப் பெரிய மழை. அதிகாரி வரமாட்டார் என்று நினைத்தேன். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மழையில் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்றார்.

ராசாத்தி அடுப்பையும் எரிவாயு உருளையையும் பெரிய மேசைமேல் ஏற்றி வைத்திருந்தார். மாவு மூட்டை அலமாரி உச்சியில் இருந்தது. வாணலியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். சாக்கடைத் தண்ணீர் ஏறி ஏறி வாசல்படிக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. புவான் ஹஸ்னா குடையை மறந்துவிட்டு மழையில் நின்றார், உதடு முணுமுணுத்தது. நான் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். முனியாண்டி அண்ணன் லோரியை விட்டு இறங்கி வந்து அருள் வந்தவர்போல் கண்ணை மூடி நின்றார். எங்கள் தரப்பில் எந்தக் கடவுளையும் விட்டுவைக்கவில்லை.

குழாய்வாயை மூடியிருந்த சிமெண்டுப் பலகையை இரண்டு பேர் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார்கள். அதிகாரி குந்தி உட்கார்ந்து நீளமான கம்பியை உள்ளே விட்டார். கம்பி போய்க்கொண்டே இருந்தது. வெளியே இழுத்து நுனியைப் பார்த்தார், விரலால் தடவினார், முகர்ந்தார். மறுபடி உள்ளே விட்டார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பிறகு அவர் கையைக் காட்டினார். குழாயின் மறுமுனையில், சாலைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் கறுப்பாக, வேகமாக, சுழித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. வாசல்படிக்குக் கீழே நின்ற தண்ணீர் ஒரு சாண் ஒன்றரைச் சாணாகி, இரண்டு சாணாக இறங்கியது.

"பெர்சே" என்றார் அதிகாரி. சுத்தம். தாளில் கையெழுத்துப் போட்டுப் புவான் ஹஸ்னாவிடம் நீட்டினார்.

நான் உள்ளே ஓடினேன். ராசாத்தியைப் பார்த்ததும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. அவருக்குப் புரிந்துவிட்டது. வாணலியை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்பைக் கீழே இறக்கணும்க்கா, ஒரு கை பிடிங்க என்றார். பெரிய இரும்பு அடுப்பு, என்னால் அசைக்க முடியவில்லை. முனியாண்டி அண்ணன் ஒரு பக்கம் பிடித்தார், மறுபக்கம் பிடித்தவர் அந்த அதிகாரி.

ராசாத்தி எண்ணெய் ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்தார். கிளம்பப் பார்த்த அதிகாரியைக் கரண்டியாலேயே மறித்து நாற்காலியைக் காட்டினார். வடை சாப்பிட நாளைக்கு வருகிறேன் என்றார் அவர். அவருக்கு மலாயில் பதில் சொல்லாமல் ராசாத்தி என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழம, சட்டி ஏறாதுன்னு சொல்லுங்கக்கா. இன்னிக்கே வயிறு நெறைய சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தேன்.